கண்டியிலிருந்து ஒருநாள் கார்ப் பயணம்: எந்த மலைப்பாதை?

கேள்வி, 2024 ஜனவரி 13

சென்னையிலிருந்து பெப்ரவரி கடைசியில் குடும்பமாக இலங்கை வருகிறோம், நாலு பேர். கண்டியில் ஐந்து இரவுக்கு அறை போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது. கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டப்போகிறேன். மலை ஏறுவது, மணிக்கணக்காக நடப்பது எதுவும் வேண்டாம். காலையில் கிளம்பி, பாதை அழகாக இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு போய், இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் நுவரெலியா வழியாக எல்ல என்ற ஊருக்குப் போய் வரலாம் என்று திட்டம். போக 135, வர 135, மொத்தம் 270 கிலோமீட்டர்தானே, ஆறு மணிநேரம் போதும். சரிதானா?

ஜனவரி 15, இரவு

சரியில்லை.

270ஐ ஆறால் வகுத்தால் மணிக்கு 45. மலையில் அந்த வேகத்தில் ஓட்டுகிறவர்கள் தனியார் பஸ்காரர்கள் மட்டும்தான், அவர்களோடு போட்டிக்குப் போகாதீர்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். நான் இருபது வருடமாக அந்த ஏ5 வீதியில் ஓட்டுகிறேன், எங்குமே நிற்காமல் போனாலும் இரண்டரை மணிநேரத்துக்குக் குறைந்ததில்லை. கம்பளை வரை டவுன் நெரிசல், அதற்கு மேல் வளைவு, வளைவுக்கு மேல் வளைவு. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868. அந்த ஏற்றம் முழுவதையும் உங்கள் கார் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும்தான் ஏறும். மலையில் கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், மணிக்கு 25, மிஞ்சினால் 30 என்று கணக்கு வையுங்கள். எல்ல போய் அன்றே திரும்பினால் பத்து மணிநேரம் ஸ்டியரிங்கிலேயே போய்விடும். பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாந்திக்கும் பத்துப் பை வேண்டும்.

எல்லவை விடுங்கள். கண்டியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள்தான் என்றால் நான் சொல்வது ஒரு வட்டம். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறுங்கள், மத்தியானச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று இறங்கி மறுபடியும் கம்பளைக்கு வந்துவிடலாம். என் ஆல்டோவில் 200 கிலோமீற்றரை ஒட்டி வந்தது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வீடு. போன பாதையில் திரும்பி வரத் தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய சுகம்.

ஜனவரி 16

தூங்கி எழுந்ததும்தான் ஞாபகம் வந்தது, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எந்தப் பாதை என்று கேட்பதற்கு முதல் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் "மலைநாட்டில் மழையா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பார்கள். நடுமலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை எல்லாம் நனைந்து ஊறிப்போய் இருக்கும். அதே ஜூலையில் மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போனால் புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், காற்று காரையே தள்ளும். டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழ். வடகீழ்க் காற்று வெலிமடை, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கத்தையும் மஹியங்கனைப் பக்கத்தையும் நனைக்கும், ஹட்டன் பக்கம் காலையில் வெயில் அடிக்கும். நுவரெலியா நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கிக்கொள்ளும்.

இதை நேரில் பார்க்க ஆசையென்றால் ஹக்கல தாவரவியல் பூங்காவைத் தாண்டி வெலிமடைப் பக்கம் ஒரு அரைமணிநேரம் இறங்குங்கள். 1861இல் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது. பூங்கா வாசலில் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்போம், கொஞ்சம் இறங்கினால் வெயிலில் ஜக்கெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் வருவது பெப்ரவரி கடைசி என்பதால் ஹட்டன் பக்கத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதிர்ஷ்டசாலி. இதையே ஜூனில் கேட்டிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

ஜனவரி 16, பிறகு

வாகனம் இங்கேயும் இடதுபக்கம்தான், அதில் உங்களுக்குச் சிக்கலில்லை. ஆனால் இந்திய உரிமத்தை மட்டும் காட்டி ஓட்ட முடியாது, இங்கே ஒரு அனுமதி எடுக்க வேண்டும். கார் தருகிறவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். டயரைக் குனிந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை வாடகைக்குக் கிடைத்த காரில் பின்டயர் இரண்டும் முட்டைபோல வழவழவென்று இருந்தன, கேட்டதற்கு "ஐயா, மழை இல்லைதானே" என்றார்கள்.

ஜனவரி 21

பிரேக்கைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

நாலைந்து வருடம் முன் மச்சானின் வேகன் ஆரை எடுத்துக்கொண்டு எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கினேன். 27 கிலோமீற்றர், முழுக்க இறக்கம். என் கார் கியர் போடும் கார். அவருடையது ஓட்டோமெட்டிக். 'டி'யில் போட்டுவிட்டு, நான் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாடை. வெளியில் யாரோ டயர் எரிக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லி முடிக்கவில்லை, பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போகிறது. கியரை 'எல்'லுக்கு இழுத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்லத் தூக்கி, நீர்வீழ்ச்சிப் பாலத்தருகே ஓரங்கட்டிவிட்டேன். முன்சக்கரத்துக்கு அருகில் கை கொண்டுபோக முடியாத சூடு. அரைமணிநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்த அரைமணிநேரத்தில் ஒரு குரங்கு பின்கதவு வழியாக வந்து மாலுபாண் (மீன் பன்) பை முழுவதையும் எடுத்துக்கொண்டு போய், எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. அந்த நீர்வீழ்ச்சியைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். லொறி ஓட்டிய என் அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது, நான் மறந்த பாடமும் இதுதான். ஓட்டோமெட்டிக்கில் 'எல்' இருக்கும், டொயோட்டா ஹைபிரிட்டுகளில் 'பி' என்று இருக்கும். அது அழகுக்கு வைத்த எழுத்து இல்லை.

இதோடு இன்னொன்று. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்ல என்று ஒரு குறுக்குப்பாதை, கூகுள் உங்களை ஆசை காட்டி அதில் இறக்கும். போன வருடம் ஜனவரி 20ஆம் தேதி அங்கேதான் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்துபோனார்கள். நேற்றோடு ஒரு வருடம். பிரதான வீதியிலேயே சுற்றி வாருங்கள், பதினைந்து நிமிடம் கூடினால் கூடட்டும்.

ஜனவரி 22

குரங்கு தின்றது மாலுபாண் இல்லை, மரக்கறி ரொட்டி என்று மனைவி திருத்தம் கொடுத்திருக்கிறாள். பதிவு செய்துகொள்கிறேன்.

பெப்ரவரி 5

நேற்று ஞாயிறு, சுதந்திர தினம். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றி வந்தேன். 15ஆம் தேதி எழுதியதை மாற்ற வேண்டும்: வட்டம் சரி, சுற்றும் திசை தப்பு.

இதுவரை நான் எப்போதும் ஏ5இல் ஏறி ஹட்டனால் இறங்குகிறவன். நேற்று கம்பளையில் பெற்றோல் அடிக்க நின்றபோது அம்மா, "தம்பி, மொதல்ல எங்க ஊருப்பக்கம் போவோம், பனி மூடுறதுக்குள்ள" என்றார். சரியென்று நாவலப்பிட்டிப் பக்கம் திருப்பினேன். கினிகத்தேனையில் காலைச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு ஹட்டன். அதற்குப் பிறகு டெவோன், சென். கிளேயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தோம். நுவரெலியாவில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒன்றரைக்கு ஏ5இல் இறக்கம், அங்கேதான் இருபது வருடமாக நான் கவனிக்காத விஷயம் பிடிபட்டது. கொத்மலைப் பள்ளத்தாக்கு வீதிக்கு மேற்கே கிடக்கிறது. வாகனம் இடதுபக்கம் போகிற நாட்டில் ஏறும்போது நாம் மலையோரம், இறங்கும்போது பள்ளத்தாக்கோரம். ஏறும்போது இடதுசீட்டுக்காரருக்கு மண்சுவரும் பெரணிச்செடியும்தான் தெரியும். இறங்கும்போது அதே சீட்டில் இருந்தால் ஒரு பக்கம் தேயிலை, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை. வளைவுக்கு வளைவு பக்கம் மாறுவது உண்மைதான், ஆனால் மொத்தக் கணக்கில் இறக்கமே லாபம்.

ஓட்டுகிறவனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவன் முன்னால் போகிற மரக்கறி லொறியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

நீர்வீழ்ச்சிகளைப் பற்றி: டெவோன் 97 மீற்றர், சென். கிளேயர் 80 மீற்றர், இரண்டுமே காரிலிருந்து இறங்கி இரண்டடி வைத்தால் தெரியும். டெவோன் எதிர்மலையில் நூல்போல விழும். சென். கிளேயர் அகலமானது, அல்லது அகலமாக இருந்தது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை கட்டி 2012இல் மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஆற்றின் தண்ணீர் பெரும்பாலும் சுரங்கவழியாகப் போகிறது. அம்மா அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர். மழைக்காலத்தில் ராத்திரி படுத்தால் இந்தச் சத்தம் கேட்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நேற்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஏத்தச் சொல்லிவிட்டார்.

நான் தேயிலை மலையைக் காட்டி "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றேன். "இங்க நின்னு பாத்தா அழகுதான். அந்த மேட்டுல அட்டக்கடியோட கொழுந்துக் கூடையத் தூக்கிட்டு ஏறினவளுக்குக் கேளு" என்றார். அதற்குப் பிறகு நுவரெலியா வரை நான் காட்சியைப் பற்றிப் பேசவில்லை.

பெப்ரவரி 6

பூக்காரப் பையன்களைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். லபுக்கலைக்கும் இறம்பொடைக்கும் நடுவில் ஒரு பையன் வீதியோரத்தில் பூங்கொத்தை நீட்டுவான். நீங்கள் வாங்காமல் போவீர்கள். அடுத்த கொண்டையூசி வளைவில் அதே பையன், மூச்சு வாங்கிக்கொண்டு, அதே பூங்கொத்தோடு நிற்பான். தேயிலைக்கு நடுவில் செங்குத்தாக ஓடிவந்திருக்கிறான். அடுத்த வளைவிலும் அவனே. பிள்ளைகளுக்கு இது வேடிக்கை, "அப்பா, மெதுவா போங்க, பாவம்" என்று ஒன்று, "வேகமா போங்க, பார்ப்போம்" என்று இன்னொன்று.

நானும் முன்பெல்லாம் கடைசி வளைவில் வாங்குவேன், அவன் ஓடியதற்கு மரியாதை என்று. முந்தாநாள் அம்மா கேட்டார், "வாங்குறதுன்னா மொத வளைவுலயே வாங்கேன், அவன எதுக்கு ஓடவிடற?" நியாயம்தானே. முதல் வளைவிலேயே வாங்கினோம். பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்போல இருந்தது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அது என் மனசைச் சமாதானப்படுத்த நானே நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 11

வட்டம் ஒரு நாள், மிச்ச நாட்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். கண்டியைச் சுற்றியே இரண்டு சொல்கிறேன், இரண்டும் குட்டி.

ஒன்று லூல்கந்துர. கண்டியிலிருந்து தலாத்துஓயா, ஹேவாஹெட்டப் பக்கம், போக ஒன்றரை மணிநேரம் என்று வையுங்கள், கடைசிப் பகுதி ஒடுக்கமான தோட்டப்பாதை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் இதுதான், இலங்கைத் தேயிலை வியாபாரமாக ஆரம்பித்ததும் அங்கேதான். அவர் உட்கார்ந்து பார்ப்பார் என்று சொல்லப்படும் ஒரு கல் ஆசனம் இருக்கிறது, கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே பஸ் பஸ்ஸாக ஆள் வருவதில்லை, எனக்குப் பிடித்ததே அதற்காகத்தான். டெய்லர் 1892இல் இறந்தபோது உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்து மஹய்யாவ மயானத்தில் புதைத்தார்கள். இந்த வீதியில் ஓட்டிப் பார்த்தால் அந்தச் சுமையின் தூரம் புரியும். அம்மாவிடம் சொன்னேன். "சொமந்தவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். இந்த அம்மாவோடு சுற்றுலாப் போவது கஷ்டம்.

மற்றது பதினெட்டு வளைவு. கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ26இல், உடதும்பறையைத் தாண்டி ஹசலக்க பக்கம் இறங்கும்போது மலை அப்படியே முடிந்துபோய், கீழே சமவெளி விரிந்து, மஹாவலி வயல்கள் பச்சைத் துண்டு துண்டாகத் தெரியும். குளிரில் தொடங்கி ஒரு மணிநேரத்தில் வியர்வையில் வந்து நிற்போம். பெயர் பதினெட்டு என்றாலும் நான் எண்ணினால் பதினேழுதான் வருகிறது, மகள் எண்ணினால் பதினாறு. எதை வளைவு என்று ஒத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள் வழக்கு. சாலையை அகலப்படுத்தியபோது ஒன்றைத் தின்றுவிட்டார்கள் என்பது என் கட்சி.

கீழே இறங்கியதும் மஹியங்கனை வரை போகவேண்டும் என்றில்லை. ஹசலக்கவில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஏறும்போதுதான் அந்த மலை எவ்வளவு பெரிய சுவர் என்று தெரியும்.

மார்ச் 3

கேட்டவர் வந்து போய் எழுதியும்விட்டார். வட்டத்தை நான் திருத்திய திசையிலேயே சுற்றினாராம். ஆனால் பிள்ளைகளை எழுப்பி, ஹோட்டல் காலைச் சாப்பாட்டை "காசு கொடுத்தாயிற்றே" என்று முழுதாக முடித்து, எட்டரைக்குக் கிளம்பியிருக்கிறார். வழியில் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) ஒன்றேகால் மணிநேரம், நுவரெலியாவில் குதிரைச் சவாரி. நாலரைக்கு ஏ5இல் இறங்கத் தொடங்கியபோது லபுக்கலையில் முன்னால் போன வாகனத்தின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். "நீங்கள் சொன்ன பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

தப்பில் பாதி என்னுடையது. ஆறு மணிக்குக் கிளம்பச் சொன்னேனே தவிர ஏன் என்று சொல்லவில்லை. காலையில் வெயில் அடித்து, பள்ளத்தாக்கு சூடேறி, ஈரக்காற்று சரிவில் மேலே ஏறினால் மத்தியானத்துக்குப் பிறகு முகில் வந்து உட்கார்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் அதோடு இடியும் சேர்ந்துகொள்ளும். உயரமான இடத்தைக் காலையில் முடிக்க வேண்டும், இரண்டு மணிக்கு மேல் இறம்பொடைக்குக் கீழே இருக்க வேண்டும். ஹோட்டலில் சொன்னால் காலைச் சாப்பாட்டைப் பொதி கட்டிக் கொடுப்பார்கள்.

பனிக்குள் மாட்டினால் பெரிய வெளிச்சத்தைப் போடாதீர்கள், வெள்ளைச் சுவரில் டோர்ச் அடித்த மாதிரி நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். சின்ன வெளிச்சம், ஹோர்ன், இருபது வேகம்.

பதினெட்டு வளைவும் போனாராம். எத்தனை எண்ணினார் என்று எழுதவில்லை.

ஏப்ரல் 16

புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியாவுக்கு யாரும் போகாதீர்கள். நான் போனேன். ஏப்ரலில் அங்கே வசந்தகாலம், கொழும்பு மொத்தமும் மேலே வந்து நின்று ஐஸ்கிரீம் தின்னும் காலம். டவுனுக்குள் ஒருவழிப் போக்குவரத்து, ஏரியைச் சுற்றி ஊர்வலம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோதுகூட என் கார் இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை. அந்த வரிசையிலாவது பக்கத்துக் கார்க்காரர்களோடு கடதாசி (சீட்டு) விளையாடினோம்.

மே 20

நேற்று சீதாஎலிய சீதை அம்மன் கோவில் கும்பாபிஷேகம். அம்மா போயே ஆகவேண்டும் என்றதால் முதல் நாளே மேலே போய்த் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டோம். அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் வந்திருந்தது. கூட்டத்தைச் சொல்லி முடியாது. கோவில் வெலிமடை வீதியிலேயே ஓடையோரம் இருப்பதால் வீதியும் கூட்டமும் ஒன்றாகிவிட்டது. வழக்கமான நாளில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற தரிசனம், ஹக்கல போகிற வழியில் காரை ஓரமாக விட்டு இறங்கினால் போதும்.

திரும்பி வரும்போது ஏ5 முழுக்க மழை. தென்மேல் தொடங்கிவிட்டது. இனி செப்டம்பர் வரை இந்த வட்டத்துக்கு விடுமுறை.

ஜூலை 14

ஜூலையில் காய்ந்து கிடக்கும் என்று சொன்னேனே, மலைக்கு அந்தப் பக்கம், அங்கே போனேன். கண்டியிலிருந்து ஒருநாளில் முடியாது என்று ஜனவரியில் கேட்டவரை அடக்கிய நான், பண்டாரவளையில் இரண்டு இரவு தங்கிக்கொண்டுதான் இதைச் செய்தேன், அதனால் பேச்சு மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளவும்.

காலை: ஹப்புத்தளை. ஊர் ஒரு கத்திமுனையில் இருக்கிறது, ஒரு தெருவிலிருந்து வடக்கே பார்த்தால் ஊவா, தெற்கே பார்த்தால் நேராகக் கீழே சமவெளி. தம்பேதன்னைத் தோட்டத்தின் வழியாக லிப்டன் ஆசனம் என்ற காட்சிமுனைக்குக் கார் போகும், ஆனால் எதிரே ஒரு வாகனம் வந்தால் யாரோ ஒருவர் பின்னால் போயாக வேண்டிய அகலம். நான் இரண்டு தடவை பின்னால் போனேன். அடுத்தமுறை ஓட்டோவில்தான்.

அப்புறம் ஏ4இல் பெரகலவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறக்கம். இந்தத் தீவில் எனக்குத் தெரிந்த வீதிகளில் இதுதான் முதலிடம் என்று அன்று சாயந்தரம் மச்சானுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ஏ5 கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் தெற்குச் சமவெளி முழுவதும் தூசுநிறத்தில், வளைவுக்கு வளைவு காற்று கதவைத் தட்டுகிறது. கீழே தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர், வீதியில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம். ஜூலையில் தண்ணீர் மெலிந்து காற்றில் கலைந்து புகையாக விழுந்தது. தண்ணீரோடு பார்க்க ஆசையென்றால் நவம்பர், டிசம்பர்.

கடைத்தெருவில் ஒருவர் பம்பரகந்தை நீர்வீழ்ச்சியும் இதே வீதியோரம்தானே என்றார், நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். தப்பு. 263 மீற்றரோடு நாட்டிலேயே உயரமானது அது, ஆனால் ஏ4இல் பெரகலவுக்கு மற்றப் பக்கம், கலுபஹனையில் பிரிந்து ஒடுக்கமான பாதையில் உள்ளே போக வேண்டும். அவர் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

இந்த இறக்கத்தில் கொஸ்லாந்தை வரும். அம்மா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். "இதுதானே மீரியபெத்த இருக்கிற இடம்?" என்றார். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களோடு ஆட்களை மூடிய தோட்டம். மேலே அந்தச் சரிவு எதுவென்று எனக்குச் சரியாகக் காட்டத் தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அம்மா மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், மகள் ஏன் என்று கேட்டாள், சொன்னேன். பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹோர்ன் அடித்தது, நாங்கள் நின்றது வளைவில்.

பிரேக்? முழு இறக்கமும் இரண்டாம் கியர். குரங்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 15

ஹோர்ட்டன் சமவெளியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அது கார்ப்பயணம் இல்லை, நடைப்பயணம், ஒன்பது கிலோமீற்றர் வட்டம். அங்கே உலக முடிவு என்கிற மலைவிளிம்பில் பத்து மணிக்கு முகில் மூடினால் வெள்ளைத்துணி பார்க்கத்தான் போகிறோம். ஆனால் நுவரெலியாவிலிருந்து அம்பேவெல வழியாகப் பட்டிப்பொல வரை ஓட்டுவது தனி சுகம். புல்வெளி, மாடு, காற்றாலை. பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம், 1,891 மீற்றர். அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், டிக்கெட் வேண்டாம்.

ஓகஸ்ட் 12

கண்டியில் பெரஹரா (யானை ஊர்வலத் திருவிழா) நெரிசல், வீதியெல்லாம் மூடுகிறார்கள் என்று நேற்று ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பதினெட்டு வளைவில் இறங்கினோம். இந்தமுறை முறையாக எண்ணுவது என்று ஒப்பந்தம்: கார் பாதிக்கு மேல் திரும்பினால்தான் வளைவு, மகள் கையில் கொப்பி, நான் வாய்விட்டு எண்ண வேண்டும். கொப்பியில் பதினெட்டுக் கோடு இருந்தது. நான் எண்ணியது பதினேழு. நடுவரான மனைவி ஏழாம் வளைவிலேயே தூங்கிவிட்டாள். அம்மாவைக் கேட்டோம்.

"நான் மேல இருந்து கண்ண மூடிட்டுல்ல வந்தேன்" என்றார்.